மூத்தம்மா றப்போடு பேசிய இரவுகள்

மூத்தம்மா பாயை விட்டு எழும்பும் சத்தம் எனக்குக் கேட்காது. கிணற்றடியில் வாளி தண்ணீரில் விழும்போதுதான் கண் விழிப்பேன். ஊர் முழுக்க உறங்கும் நேரம். சுபஹ் பாங்குக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கும். கிழக்கே கடல் மட்டும் இரைந்துகொண்டிருக்கும்.

கல்முனைக்குடியில் எங்கள் வீடு கடற்கரைப் பள்ளிக்குக் கொஞ்சம் மேற்கே இருந்தது. எங்கள் வீடு என்பதைவிட மூத்தம்மாவின் வீடு என்பதே சரி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் உம்மாவைப் பெற்றவளோடு ஒரே பாயில் கிடந்து வளரும் பாக்கியம் எங்களில் அநேகம் பேருக்கு வாய்த்தது. அந்தப் பாக்கியத்தின் அருமை பிறகுதான் விளங்குகிறது.

ஒளு எடுத்துவிட்டு ஈரக் காலோடு வருவாள். குப்பி விளக்கின் திரியை இறக்கிவிட்டு, அவளே பின்னிய சின்னப் பன்பாயை விரித்து, வெள்ளைத் தொழுகைப் புடவையைத் தலையோடு போர்த்திக்கொள்வாள். தஹஜ்ஜத் தொழுகை இரண்டிரண்டு றக்அத்தாகப் போகும். பிறகு தஸ்பீஹ் மணி உருளும். அதுவரை எல்லாம் அறபு. மணியைக் கீழே வைத்த பிறகுதான் மூத்தம்மா தமிழில் பேசத் தொடங்குவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது அதற்காகத்தான்.

பேச்சு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். வட்டையில் பயிர் தண்ணீரில்லாமல் காய்வதைச் சொல்வாள். கரைவலைக்குப் போன மருமகனுக்கு ஒரு கிழமையாக மீன் படாததைச் சொல்வாள். பகலில் வேலியடியில் சண்டை பிடித்த பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் கட்டாயம் வரும். சண்டையில் தன் வாயிலிருந்து வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அல்லாஹ்விடம் ஒப்புக்கொடுப்பாள். “அவள்ள பிழையும் இரிக்கி, என்ட பிழையும் இரிக்கி, நீ பாத்துட்டுத்தானே இருந்தாய் றப்பே” என்பாள். மறுநாள் காலையில் அதே வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் கறி போகும். இரவு நடந்த பேச்சின் முடிவு அது என்று வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும்.

சில இரவுகளில் அவளிடம் சொற்கள் இருக்காது. “யா றப்பே” என்ற ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பாள். பெருமூச்சு வரும், திரும்பவும் “யா றப்பே.” வேறெதுவும் கேட்காமலே பாயைச் சுருட்டுவாள்.

ஓதப்பள்ளியில் லெவ்வையிடம் நாங்கள் ஓதியதெல்லாம் அறபு. அல்லாஹ்வுக்குத் தமிழ் விளங்குமா என்று ஒருநாள் மூத்தம்மாவிடம் கேட்டேன். “அவன் படைச்ச நாக்குத்தானே புள்ள” என்றாள். எழுத்துக் கூட்டத் தெரியாத மனுசி. அதற்குப் பின் எந்த ஆலிமிடமும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வந்தபோது வீட்டுக் கிடுகுகள் பிய்ந்து பறந்தன. ஆண்கள் காற்றுக்கு எதிரே நின்று பாங்கு சொன்னார்கள். பிள்ளைகள் அலறினோம். மூத்தம்மா நனைந்த சுவர் மூலையில் பன்பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காற்றை நிறுத்து என்று அவள் கேட்ட ஞாபகம் எனக்கில்லை. பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வேலியடிக்காரி, அவளுடைய பிள்ளைகள், கடலில் தோணி வைத்திருந்தவர்கள் என்று ஒருவரையும் விடாமல் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். விடிந்தபோது கரையோரத் தென்னைகள் தலையிழந்து நின்றன.

இத்தனைக்கும் அவள் கூட்டத்தை வெறுத்தவளல்ல. ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்து, கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறினால் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாய்ப் போவாள். ஆனால் தன் காரியத்தை இரவில்தான் பேசுவாள். வயிற்றிருளில் இருந்து யூனுஸ் நபி கூப்பிட்ட கதையை எங்களுக்குச் சொல்லும்போது, மீனின் வயிற்றைவிட அவர் தனித்திருந்ததைத்தான் விரித்துச் சொல்வாள்.

அதே யூனுஸ் நபியின் வரலாற்றை யூதர்கள் தங்கள் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரின் பிற்பகலில் ஓதுகிறார்கள் என்று பேராதனையில் படித்த காலத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். யஹூதி என்ற சொல் எங்கள் ஊருக்குப் பலஸ்தீனச் செய்தியோடுதான் வரும். பலஸ்தீன மக்களின் துயரம் உண்மையானது, இன்னும் தீராதது. அந்த வலியோடுதான் நானும் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். திறந்த இடத்தில் மூத்தம்மா இருந்தாள்.

யூத வேதத்தில், பிள்ளையில்லாத ஹன்னா என்ற பெண் இறையில்லத்தில் நின்று மன்றாடுகிறாள். உதடு அசைகிறது, குரல் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறார் அங்கிருந்த ஆசாரியர் ஏலி. பிற்காலத்தில் யூதச் சட்ட நூலான தல்மூதை ஆக்கிய அறிஞர்கள், தொழுகையில் நிற்பவர் உதட்டை அசைக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது என்ற சட்டங்களை அந்தப் பெண்ணிடமிருந்தே எடுத்தார்கள்.

11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூதா என்ற யூத அறிஞர் இதயத்தின் கடமைகளைப் பற்றி அறபு மொழியில் ஒரு நூல் எழுதினார். அதன் பத்து வாயில்களில் எட்டாவது, மனிதன் தன் ஆன்மாவோடு தானே கணக்குப் பார்ப்பது பற்றியது. வேலிச் சண்டைக்கு மூத்தம்மா பார்த்த கணக்கு அதுதான். எகிப்தில் யூத அறிஞர் மூஸா இப்னு மைமூனின் மகன் இப்ராஹீம் (1186–1237) இன்னும் ஒரு படி போனார். யூதர்களின் தலைவராக இருந்துகொண்டே, அங்கிருந்த சூபிகளின் தனித்திருப்பையும் இரவு விழிப்பையும் புகழ்ந்து எழுதினார். இஸ்ரவேலரின் நபிமார் நடந்த வழியை இவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள் என்று கருதினார். அவருடைய அந்த நூலின் பெயரே ‘கிஃபாயத்துல் ஆபிதீன்’. எங்கள் ஊர் மத்ரஸாவில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாத பெயர்.

உக்ரேன் மண்ணில் வாழ்ந்து 1810இல் உமன் நகரில் மறைந்த யூத குரு றப்பி நஹ்மான் சொன்னவை எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானவை. ஒவ்வொரு நாளும் ஒரு மணிநேரம் தனியே போ, இரவாக இருந்தால் நல்லது, ஆளரவமில்லாத இடமாக இருக்கட்டும், நீ வீட்டில் பேசும் மொழியிலேயே இறைவனிடம் பேசு, அற்ப விடயத்தையும் மறைக்காதே என்று தன் சீடர்களுக்குக் கற்பித்தார். ஒன்றும் சொல்ல வராவிட்டால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிரு என்றார். அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்தத் தனிமைப் பேச்சுக்கு வைத்த ‘ஹித்போதெதூத்’ என்ற பெயரைக் கேட்டே இராத மனுசி, அதை ஆயுள் முழுக்கச் செய்தாள்.

யூதர்களிடம் எனக்குப் பொறாமை தரும் ஒரு விடயம் உண்டு. றப்பி நஹ்மானின் போதனைகளைச் சீடர் நாதன் எழுதி வைத்தார். அவற்றைப் பிரார்த்தனைகளாகவும் ஆக்கித் தந்தார். பெண்கள் வீட்டில் தனியே சொன்ன வேண்டுதல்கள் அவர்களுடைய வீட்டு மொழியான இத்திஷில் சிறு நூல்களாக 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அச்சாகின. மா பிசையும்போது, விளக்கேற்றும்போது, பிள்ளை பெறும்போது சொல்லும் வேண்டுதல்கள் அவை. அவற்றை எழுதியவர்களில் பெண்களும் இருந்தார்கள். சாரா பாஸ் தோவிம் என்பவரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

எங்கள் கிழவிகளின் துஆக்களை நாங்கள் எழுதி வைக்கவில்லை. மூத்தம்மா போன பின்பு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறைதான். கல்முனைக்குடிக் கரையோரத்தில் வீடுகளோடு எத்தனையோ மூத்தம்மாமார் போனார்கள். அவர்கள் பின்னிரவில் பேசிய தமிழும் அவர்களோடு போயிற்று.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ கல்முனைக்குடியிலோ உங்கள் வீட்டில் தஹஜ்ஜத்துக்கு எழும்பும் ஒரு கிழவி இருந்தால், பகலில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் றப்பிடம் என்ன பேசுகிறாள் என்று கேளுங்கள். அவள் மனமுவந்து சொல்வதை அவள் பேச்சிலேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.