சிங்கத்துக்கும் கோத்திரமா?

ராயப்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. மிருகக்காட்சி சாலை என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அவளுக்கு அது உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். உங்கள் வீட்டிலும் பழைய சென்னைவாசி ஒருவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டு காலேஜ்களைப் பற்றியும் காப்பி ஆறிப்போகும் வரை பேசுவார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அக்காவின் மகள், ஏழு வயது வாண்டு, சிங்கம் பார்த்தே தீரவேண்டும் என்று காலையிலிருந்து அடம். "நானும் வரேன்" என்று அத்தையும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். எழும்பூர் வரை ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயிலில் வண்டலூர். (நீங்கள் போவதானால் செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று விடுமுறை.)

ஆட்டோ அமீர் மஹால் வாசலைத் தாண்டியபோது, "பாட்டி, இதுக்குள்ளே ராஜா இருக்காரா?" என்றாள் குழந்தை. ஆற்காடு இளவரசரின் குடும்பம் 1876 முதல் வசித்து வரும் மாளிகை அது. நம் உயிர் காலேஜுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு பந்தம் உண்டு என்பது அத்தைக்கே தெரியாத சங்கதி.

எழும்பூர் மியூசியத்தின் முதல் தலைவராக இருந்தவர் டாக்டர் எட்வர்டு பால்ஃபர். கல்லும் சங்கும் பாடம் செய்த பறவைகளும் வைத்திருந்த இடத்தில் உயிருள்ள ஒரு புலியையும், சீட்டா என்கிறோமே, அந்தச் சிவிங்கிப்புலி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் மொய்த்துவிட்டது. அவர் உடனே அப்போதைய கர்நாடக நவாபை அணுகி, அரண்மனையில் இருந்த மிருகங்களையெல்லாம் மியூசியத்துக்குக் கேட்டு வாங்கினார். 1855-இல் உயிர் காலேஜ் பிறந்த கதை இதுதான். அதே ஆண்டில் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையில்லாமல் காலமானார். வாரிசு இல்லை என்று சொல்லிக் கம்பெனிக்காரர்கள் நவாப் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் பிறகு அவருடைய சித்தப்பா வழியில் வந்தது. வாரிசில்லாத இந்தச் சங்கதியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கங்களிடம் போகும்போது திரும்பவும் வரும்.

மியூசியத்தில் இடம் போதாமல் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அத்தை சிறுமியாகப் பார்த்தது அந்த இடத்தைத்தான். மூர் மார்க்கெட்டில் பொம்மை, பிறகு சிங்கம், பிறகு வீடு. "கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அது. நாலு அடி நடக்கும், திரும்பும். நாலு அடி நடக்கும், திரும்பும். பாவம், தலையே சுத்தும்" என்றாள். 1985-இல்தான் வண்டலூரில், காட்டை ஒட்டிய விசாலமான இடத்தில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்ததும் அதே வருஷம்தான்.

வண்டலூரில் சிங்கம் எங்களை ஒன்றும் லட்சியம் செய்யவில்லை. மர நிழலில் பக்கவாட்டில் படுத்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஏமாற்றம். "மாமல்லபுரத்துச் சிங்கம்தான் நல்லாருக்கு" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டுக் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததாகச் சான்று இல்லை. துருக்கி, பாரசீகம் தொடங்கி வட இந்தியா வரை திரிந்த ஆசியச் சிங்கம், தெற்கே நர்மதையோடு நின்றுவிட்டது. ஆனாலும் பல்லவர்கள் தூணுக்குத் தூண் சிங்கத்தைச் செதுக்கினார்கள். திருவல்லிக்கேணியில் அழகிய சிங்கர் என்று பெருமாளுக்கே பெயர் வைத்துக் கும்பிடுகிறோம். கண்ணால் காணாத மிருகத்தின் மேல் இவ்வளவு ஆசை வைத்த ஜனங்கள் வேறு எங்கே இருப்பார்கள்!

"இங்கே சர்க்கஸ் சிங்கமெல்லாம் வந்துதாமே, அது எங்கே?" என்று அத்தை கேட்டாள்.

வந்தது உண்மை. சிங்கம், புலி, கரடி, குரங்கு இவற்றைச் சர்க்கஸில் ஆட்டுவிக்கக் கூடாது என்று 1998-இல் மத்திய அரசு ஆணையிட்டது. சர்க்கஸ் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. கூண்டுகளிலிருந்து மீட்ட சிங்கங்களை வைக்க நாட்டில் சில இடங்களில் மறுவாழ்வு மையங்கள் கட்டினார்கள். வண்டலூரும் அவற்றில் ஒன்று. ஆனால் அது பொதுமக்கள் வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை.

அந்தச் சிங்கங்களுக்குச் சாப்பாடு உண்டு, வைத்தியம் உண்டு. குட்டி போட மட்டும் அனுமதி இல்லை. காரணம், அவற்றில் பெரும்பாலானவை கலப்பு. ஆட்டத்துக்குப் பெரிய பிடரி வேண்டுமென்று ஆப்பிரிக்கச் சிங்கத்தை வாங்கி வந்து, இங்கிருந்த ஆசியச் சிங்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். எது எதன் குட்டி என்று எழுதிவைத்தவர் இல்லை. சண்டிகர் பக்கத்துச் சத்பீர் பூங்காவில் இப்படியே பெருகிப் பெருகி டஜன் கணக்கில் கலப்புச் சிங்கங்கள். 2000-ஐ ஒட்டி ஆண் சிங்கங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார்கள். இந்தத் தலைமுறை வாரிசில்லாமல் முடியட்டும் என்பது முடிவு.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டி, சிங்கத்துக்குக்கூடவா குலம் கோத்திரம் பார்க்கறாங்க? கலந்தா என்ன குறைஞ்சு போச்சு? இதோ இவளைப் பாரு!"

இவள் என்றது, ஐஸ்கிரீமை முழங்கை வரை வழியவிட்டுக்கொண்டிருந்த என் அக்கா மகளை. அக்கா வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டவள். அந்தக் கல்யாணத்துக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தவள் இதே அத்தைதான். இன்று அந்தக் குழந்தை வந்து "பாட்டி" என்று கூப்பிடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? நானும் யோசித்தேன், நீங்களும் யோசியுங்கள். ஜாதி நாம் கட்டிய வேலி. கலந்தால் மனிதர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை; நாம் எண்ணூறு கோடிப் பேர் இருக்கிறோம். சிங்கத்தின் கதை அப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வேட்டைக்காரர்களின் துப்பாக்கி இந்தியாவில் ஆசியச் சிங்கத்தைத் தின்று தீர்த்துவிட்டது. குஜராத்தின் கிர் காட்டில் மட்டும், ஜூனாகத் நவாப் காபந்து செய்ததால், சொற்பம் பிழைத்தன. உலகத்தில் ஆசியக் காட்டுச் சிங்கம் இருப்பது அந்த ஒரு வட்டாரத்தில்தான். வயிற்றின் அடியில் நீளமாகத் தொங்கும் ஒரு தோல் மடிப்பு, காது தெரிகிற அளவுக்குக் குறைந்த பிடரி என்று அதற்குத் தனி அடையாளங்கள். கலப்பு ரத்தம் அங்கே புகுந்தால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. பாலில் விட்ட தண்ணீர் மாதிரிதான்.

அமெரிக்காவில் இந்தத் தண்ணீர் முன்பே கலந்திருந்தது. ஆசியச் சிங்கம் என்று நம்பி அங்குள்ள பூங்காக்கள் வருஷக்கணக்காகக் கவனத்தோடு வளர்த்துப் பெருக்கின. 1987-இல் மரபணு ஆராய்ச்சியில் பார்த்தால், மூல சிங்கங்கள் ஐந்தில் இரண்டு ஆப்பிரிக்க வம்சம்! அத்தனை உழைப்பும் வீண். மொராக்கோவில் இன்னொரு கதை. அட்லஸ் மலைச் சிங்கம் காட்டில் அழிந்தே போய்விட்டது. சுல்தான்களின் அரண்மனைச் சிங்கங்களின் சந்ததி ரபாத் பூங்காவில் இருக்கிறது. இதுதான் அது என்று பெருமைப்படுகிறார்கள். விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் போடவில்லை.

இதற்கு நடுவில் 2017-இல் நிபுணர்கள் சிங்கங்களின் வம்சாவளியையே மாற்றி எழுதினார்கள். நம் கிர் சிங்கமும், அழிந்த அட்லஸ் சிங்கமும், மேற்கு ஆப்பிரிக்கச் சிங்கமும் ஒரே உள்ளினமாம். கிழக்கிலும் தெற்கிலும் உள்ள ஆப்பிரிக்கச் சிங்கங்கள் மற்றொன்று. "பார்த்தியா, கோத்திரத்தை அவங்களே மாத்திட்டாங்க" என்று அத்தை சிரித்தாள்.

கிர் சிங்கத்தின் சுத்தத்திலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு கைப்பிடிச் சிங்கங்களிலிருந்து பெருகிய கூட்டம் என்பதால் எல்லாம் நெருங்கிய ரத்தம். "சொந்தத்துக்குள்ளேயே பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்துக்கிட்டிருந்தா எப்படி?" என்று இதையும் அத்தையே பிடித்துவிட்டாள். 1968-இல் 177 ஆக இருந்தவை 2025 கணக்கெடுப்பில் 891 ஆகிவிட்டன; சந்தோஷம்தான். ஆனால் ஒரே மாதிரி உடம்புகள், ஒரே வட்டாரம். ஒரு நோய் வந்தால் போதும். 2018-இல் வந்தது. கிர் காட்டின் ஒரு பகுதியில் சுமார் மூன்று வாரத்துக்குள் 23 சிங்கங்கள் மடிந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அதில் அகப்பட்டது.

நோய் எவ்வளவு வேகம் என்று வண்டலூருக்கே தெரியும். 2021 ஜூனில் கொரோனா இங்கே சிங்கங்களைத் தாக்கியது. சோதித்த பதினொன்றில் ஒன்பதுக்குத் தொற்று. ஒன்பது வயது நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. இரண்டு வாரத்துக்குள் பன்னிரண்டு வயது ஆண் ஒன்றும் போயிற்று. நாமெல்லாம் முகக்கவசத்தோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்கள் அவை.

ஆகவே சிங்கத்துக்கு இன்னொரு வீடு வேண்டும் என்று மத்தியப் பிரதேசத்தில் கூனோ காட்டைத் தயார் செய்தார்கள். 24 கிராமங்களை அங்கிருந்து பெயர்த்தார்கள். ஆறு மாதத்தில் சிங்கங்களை அனுப்புங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. சிங்கம் இன்றுவரை போகவில்லை. 2022 செப்டம்பரில் அங்கே வந்து இறங்கியவை நமீபியாச் சிவிங்கிப்புலிகள்! இந்தியாவின் சொந்தச் சிவிங்கிப்புலி, பால்ஃபர் காட்டிக் கூட்டம் சேர்த்தாரே, அது 1952-லேயே அழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. குஜராத்துக்குள்ளேயே பர்தா குன்றுகளில் சில சிங்கங்கள் தாமாகப் போய்க் குடியேறியிருப்பது நல்லதுதான். ஆனாலும் பெண்ணைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்துவிட்டு வெளியூரில் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதைப் போல இருக்கிறது எனக்கு. இதில் மாநிலப் பெருமை பார்ப்பது நியாயமே இல்லை.

"சரி, அந்தச் சர்க்கஸ் சிங்கமெல்லாம்?" என்று அத்தை விடவில்லை.

கூண்டுச் சிங்கத்தின் ஆயுசு இருபது வருஷத்தை ஒட்டித்தான். 2001-இல் வந்தவற்றின் காலம் முடிந்திருக்கும். குட்டி போடவிடாதது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கலந்தது சிங்கங்கள் அல்ல, நாம். கணக்கை மட்டும் அவை தீர்த்துவிட்டுப் போயின.

அத்தை ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் முழங்கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் சிங்கம் எழுந்து, தலையைத் தாழ்த்தி, ஒரு முறை குரல் கொடுத்தது. பலூன்காரன் உட்பட அத்தனை பேரும் கப்சிப். குழந்தை அத்தையின் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதே குரல்தாண்டி. மூர் மார்க்கெட்டில் பொம்மை வாங்கும்போது கேட்கும்" என்றாள் அத்தை. அடுத்த முழக்கத்துக்காக நாங்கள் காத்திருந்ததில் ஐந்தரை மணி ரயில் போய்விட்டது.