ஓர் இரவுக்குரிய சுமை

இரத்தினபுரிப் பாதையால் சிவனொளிபாத மலைக்கு ஏறி இறங்க ஓர் இரவு போதும். அந்த ஓர் இரவுக்கு எதைச் சுமந்து செல்வது, எதை வீட்டில் விட்டுச் செல்வது என்பதைக் கற்றுக்கொள்ள நாம் முப்பத்து நான்கு வயது வரை காத்திருக்க நேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் நாம் பெற்ற தமிழ்ப் பட்டத்தில் அதற்கு இடமிருக்கவில்லை. கற்பித்தவர், கலவானைக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடத்திற்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு தாயார்.

எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு சென்ற தை மாதம் மலைக்குப் போவதென முடிவாயிற்று. 2,243 மீற்றர் உயரமான அம்மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாகவே பெரும்பாலோர் ஏறுவர். அங்கே ஏறத் தொடங்குமிடமே 1,200 மீற்றருக்கு மேல், குளிர் தேசம். பலாபத்தல வழியாகச் செல்லும் இரத்தினபுரிப் பாதையோ தாழ்ந்த, புழுக்கமான அடிவாரத்தில் தொடங்குகின்றது. கீழே சட்டையைப் பிழியலாம். உச்சியில் பல் கிட்டும். குளிருக்கான துணியைப் புழுக்கத்தினூடே சுமந்துகொண்டு ஏறவேண்டும். இதுதான் அப்பாதையின் சங்கடம்.

எமது முதுகுப்பையில் என்னென்ன இருந்தன என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கின்றது. மூன்று சட்டைகள், இரண்டு துவாய்கள், பருத்திப் போர்வை, குடை, ஒரு மருந்துப் பெட்டி, இரண்டு லீற்றர் தண்ணீர், பிஸ்கட் பொதிகள், இரு புத்தகங்கள். மலையேறும் இருட்டில் எதைப் படிக்க எண்ணினோம் என்பது இன்றும் விளங்கவில்லை. மேனாடுகளில் சுமை குறைப்பதையே ஒரு கலையாகப் பயில்வோர் உளர். பல் துலக்கும் தூரிகையின் பிடியைக்கூட அறுத்தெறிந்துவிட்டுப் புறப்படுவார்களாம். அதைப் படித்து நகைத்தவர்தாம் நாமும்.

மாணவன் ஒருவனுக்கு வீட்டில் அனுமதி கேட்பதற்காகப் பையும் தோளுமாகவே அவனது லயத்துக்குச் சென்றோம். இஸ்தோப்பில் பையை இறக்கி வைத்தோம். அவனுடைய அப்பாயி அதை ஓரமாக நகர்த்தி வைக்கத் தூக்கியவர், அப்படியே நின்றார்.

"சேர், எத்தனை நாளைக்குப் போறீங்க?"

"ஒரு ராத்திரிதான் அம்மா."

"ஒரு ராத்திரிக்கு ஏழரைக் கிலோவா?"

போகும் வழியில் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஏழு கிலோ நானூறு கிராம்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு 18 கிலோ, சில தோட்டங்களில் அதற்கு மேலும், கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நிறுக்கும்போது கூடைக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பார்கள். மழை நாளில் இலையிலுள்ள தண்ணீருக்கென்று மேலும் ஒன்றோ இரண்டோ கிலோ கழிப்பார்கள். தன் உழைப்பிலிருந்து எவ்வளவு களவு போகின்றது என்பதைத் தராசுக்கு முன்பே கையால் அறிந்திராத தொழிலாளி ஏமாந்தே போவாள். அந்தக் கை நாற்பது வருடம் கணக்குப் படித்த கை. எமது பட்டச் சான்றிதழை அதனோடு ஒப்பிட நாம் துணியவில்லை.

அவர் எம்மிடம் அனுமதி கேட்கவுமில்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சட்டை ஒன்று போதும். அதையும் பொலித்தீனில் சுற்றி அடியில் வைக்கவேண்டும். உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, நனைந்ததைக் கழற்றிய பிறகே அதைத் தொடவேண்டும். ஏறும்போது குளிர்கின்றதென்று எடுத்துப் போட்டால் அதுவும் வேர்வையில் நனைந்து, பிறகு போர்த்த ஒன்றுமிராது. பருத்திப் போர்வை வேண்டாம். ஈரமானால் அது உடம்புச் சூட்டையும் குடித்துவிடும். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு காக்கும். இருவருக்கு ஒரு கம்பளி. தம்முடைய பழைய கறுப்புக் கம்பளியையே தந்தார். தோட்டத்தில் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது பழைய நாள் வழக்கம். துரைமாரின் தாராளம் அந்த மட்டில்தான்.

தண்ணீருக்குச் சிறு போத்தல் ஒன்று. பருவ காலத்தில் வழிக்கடைகளில் கொதிக்கும் தேநீர் கிடைக்கும். அதைவிட்டு ஒரு லீற்றருக்கு ஒரு கிலோவாக எதற்கு மலைமேல் தண்ணீர் சுமப்பது? பிஸ்கட்டுக்குப் பதில் நான்கு ரொட்டி, கட்டச் சம்பல். குடை காற்றுக்கு நில்லாது. தலையில் கவிழ்க்க ஒரு பொலித்தீன் சாக்கு. அட்டைக்கு, துணியில் முடிந்த உப்பை ஒரு கோல் நுனியில் கட்டிக்கொள்ளவேண்டும். கால்களில் சவர்க்காரம் பூசவேண்டும். டோர்ச் ஒன்று. புத்தகங்களை மட்டும் மரியாதையாகத் துடைத்து, "இது பத்திரமா இங்க இருக்கட்டும் சேர்" என்று உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

பேரனின் பையையும் அவர்தாம் கட்டினார். எல்லாம் முடிந்தபின் சுவரிலே ஆணியில் தொங்கிய பொலித்தீன் உறைகள் நான்கில் ஒன்றைக் கழற்றினார். உள்ளே அவனது பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். அதை இன்னோர் உறையிலிட்டு அவன் பையில் வைத்தார். மலைக்குப் போகிறவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எதற்கென்று நாம் கேட்டது இயல்புதானே.

"ராத்திரி வெளிய தங்குறவன் கடதாசி அவன்கிட்ட இருக்கணும் சேர்."

நாம் அதை ஒரு முதியவரின் பிடிவாதமென்றே முதலில் எண்ணினோம்.

1981ஆம் ஆண்டு கலவானைத் தொகுதி தன் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகமவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அதை நாம் பெருமையோடு சொல்லுவதுண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் எரிந்தன. இத்தாயாருக்கு அப்போது பதினாறு வயது. மாவட்டத்தின் வேறொரு தோட்டத்தில் இருந்தார்கள். சத்தம் கேட்டதும் குடும்பம் தேயிலைச் செடிகளுக்குள் ஓடிப் பதுங்கியது. அவருடைய தாய் பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். விடிந்து பார்த்தால் மடியிலிருந்தது அம்மிக் குழவி. தகரப் பெட்டியிலிருந்த பிரஜாவுரிமைக் கடதாசிகள் லயத்தோடு எரிந்து போயின.

1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களுக்குக் கடதாசி என்பது என்ன என்று எமது வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் அவர்களை இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கிட்டார்கள். இக்குடும்பம் இங்கேயே இருக்க விரும்பியது. ஆனால் எரிந்த கடதாசிக்குப் பதில் கேட்டு ஏறிய படிகள், சிவனொளிபாதத்தின் படிகளுக்குக் குறைந்தவை அல்லவாம். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே அவர் இந்நாட்டின் பிரஜையானார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது.

அன்று தொட்டு ஆணியில் உறைகள் தொங்குகின்றன. 2017 மே மாத இறுதியில் கலவானையில் வெள்ளமும் மண்சரிவும் வந்தபோது நாம் ஆசிரியப் பணிக்குப் புதியவர். வகுப்பறைகளில் இரவைக் கழிக்க வந்தவர்களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்தவர்களும் இருந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்களும் இருந்தார்கள். இவர் ஒரு கம்பளி, ஒரு சட்டி, நான்கு உறைகளோடு வந்தாராம். அப்போது நாம் கவனிக்கவில்லை.

"எல்லாம் இருக்கு சேர், இந்தக் காம்பிராவுக்கு உறுதி ஒண்ணுதான் இல்ல," என்றார். நான்கு தலைமுறையாக அக்குடும்பம் தோட்டத்து லயங்களில் வாழ்கின்றது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சக ஆசிரியர் ஒருவர் எமது எச்சரிக்கையைக் கேளாமல் பெரும் பையோடு வந்தார். பாதி வழியில் அதை மாணவர்கள் முறைவைத்துச் சுமந்தார்கள். ஏரமிட்டிபானையில் மழை பிடித்துக்கொண்டது. உச்சியில் காற்று ஊளையிட, உலர்ந்த சட்டையை மாற்றி, அந்தப் பையனும் நாமும் ஒரே கம்பளிக்குள் விடியலுக்காகக் காத்திருந்தோம். அவன் இருமுறை பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தான். எதை என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் பிற்பகல் கலவானை பஸ்ஸிலிருந்து இறங்கி, கம்பளியைத் திருப்பிக் கொடுக்க அவனோடு லயத்துக்குப் போனோம். கிழவியார் எமது பையைத் தூக்கிப் பார்த்து, "கம்பளி நனைஞ்சிருக்கு" என்றார். பையன் காலைக் கழுவுமுன்னே உறையை எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினான். நாம் புத்தகங்களை வாங்கிக்கொண்டு புறப்படுகையில் மழை தொடங்கிவிட்டது.