மழையும் கரிக்குன்றும்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், முன்னொரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த சிற்றூர்கள் பல உள. நாளை மழை என வானிலை அறிக்கை கூறுமாயின் ஏனையோர் குடையைத் தேடுவர். இவ்வூரார்க்கோ மேலேயுள்ள மலையின் நினைவு வரும்.

சுரங்கத்திலிருந்து கரியோடு வெளிவந்த கல்லையும் மண்ணையும், கரியைக் கழுவியபின் எஞ்சிய நுண்துகளையும் தலைமுறை தலைமுறையாக அம்மலைகளின் மீதே கொட்டினர். பள்ளத்தாக்குகள் ஒடுங்கியவை, கீழேயுள்ள சமதரை வீடுகளுக்கும் இருப்புப் பாதைக்குமே போதவில்லை. ஈரம் மிகாதவரை அக்கழிவுக் குன்று அசையாது நிற்கும். நீர் உட்புகுந்து துகள்களின் இடைவெளிகளை நிரப்பிவிட்டாலோ, அவற்றைப் பற்றிநிற்கும் உராய்வு தளர்ந்துவிடுகிறது. பின்னர் குன்று குழம்பாகிப் பாய்கிறது.

1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அம்மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் ஏறத்தாழ ஆறரை அங்குல மழை பெய்திருந்தது. அன்று காலை அபர்வான் கிராமத்தை மூடுபனி போர்த்தியிருந்தது; மலையுச்சியிலோ வெயில். 9.15 மணியளவில் ஏழாம் இலக்கக் குன்று சரிந்தது. உச்சியில் நின்ற தொழிலாளர் அது புறப்பட்டதைக் கண்டனர். சென்று வீழ்ந்த இடத்தைப் பனி மறைத்தது. கீழே இருந்தோர் பேரோசையைக் கேட்டனர்; எதனையும் காணவில்லை. பான்ற்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையும் அயல் வீடுகளும் புதையுண்டன. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். அன்று நண்பகலோடு அவர்களுக்கு விடுமுறை தொடங்கவிருந்தது.

மழையின்மேற் பழியைச் சுமத்துவது எளிது, மழை மறுத்துரைக்காது. குன்றின் அடியில் அறியப்படாத இயற்கை ஊற்று இருந்ததென நிலக்கரிச் சபையின் தலைவர் றொபன்ஸ் பிரபு கூறினார். அவ்வூற்றோ ஊரார் அறிந்தது, நிலப்படங்களிற் குறிக்கப்பட்டது. அதன் மேலேயே 1958 முதல் கழிவைக் கொட்டிவந்தனர். பாடசாலைக்குப் பின்புறம் கொட்டப்படும் கரிச்சேற்றின் ஆபத்தைப் பற்றி 1963 இலேயே நகரப் பொறியியலாளர் எழுதியிருந்தார். எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்று 1967 இல் பொறுப்பை நிலக்கரிச் சபை மீதே வைத்தது. எனினும் எஞ்சிய குன்றுகளை அகற்றும் செலவுக்கென, உலகத்தார் இரங்கி அளித்த நிதியிலிருந்தே 1,50,000 பவுண் எடுக்கப்பட்டது. அது 1997 இலேயே திரும்பியது, வட்டியின்றி. வானத்துக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.

அவ்வூரின் சுரங்கம் 1989 இல் மூடப்பட்டது. சுரங்கங்கள் மூடலாம், குன்றுகள் மூடுவதில்லை. வேல்ஸில் கைவிடப்பட்ட கரிக்கழிவுக் குன்றுகள் ஏறத்தாழ 2,500. வெப்பநிலை ஒரு பாகை உயர, காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆதலால் பெருமழையும் வலுக்கிறது. 2020 பெப்ரவரியில் டெனிஸ் புயலின்போது டைலர்ஸ்டவுனில் ஏறத்தாழ 60,000 தொன் கழிவு ஆற்றுப்பக்கமாகச் சரிந்தது. 2024 நவம்பரில் பேர்ட் புயலின் மழையில் கும்டில்லரியின் வீதிகளிற் கருஞ்சேறு புகுந்தது; சுமார் நாற்பது வீடுகளின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இத்தகைய குன்றுகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரசபை அமைப்பதற்கான சட்டம் 2025 இற்றான் நிறைவேறியது.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என வானிலை நிலையம் எச்சரிக்கைக்கு நிறம் தருகிறது. எவ்வளவு மழை வருமென அதனாற் சொல்ல முடியும். குன்றின் வடிகால் அடைபட்டுக் கிடக்கின்றதா என்பதை, மழைக்கு முன்னரே எவரேனும் ஏறிச்சென்றுதான் பார்த்துவர வேண்டும்.