கவலையும் சொட்டு நீரும்

கோயமுத்தூர் ஜில்லாவில், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் சாதனத்துக்குக் "கவலை" என்று பெயர். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி என்றே எனக்குத் தோன்றுகிறது. பறியும் வடமும் பழுதுபடாமல், மாடுகளும் நோய்நொடியின்றி இருந்தால்தான் பாத்திக்குத் தண்ணீர். எங்கள் அப்பாருக்கு நாலு ஏக்கரா தோட்டம். கோடையில் பாதி நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார். அது சோம்பல் அன்று. மாட்டின் சக்தியும் கிணற்றின் ஊற்றும் அவ்வளவுதான். ஆனால் அந்த ஓய்வில் கிணறும் சற்று மூச்சு விட்டது.

1932-ல் பைக்காரா மின்சாரம் பிறந்தது. அதன் கம்பிகள் கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தபின், மாடுகள் பகலெல்லாம் இறைத்த ஜலத்தை மோட்டார் கொஞ்ச நேரத்தில் கொட்டிவிட்டது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமும் ஆயிற்று. கேட்க வேண்டுமா? ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் இறக்கி, புகையை மட்டும் கண்டவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

இந்த நிலையில்தான் எங்கள் சித்தப்பா சர்க்கார் மானியத்தில் சொட்டு நீர்க் குழாய் போட்டார். 1965-ல் இஸ்ரேல் தேசத்தில், நெகேவ் பாலைவனத்து ஹட்செரிம் என்னும் கூட்டுப் பண்ணையில் தொழிலாக உருவெடுத்த முறை இது. ஜலம் வடிகட்டியில் புகுந்து, கறுப்புக் குழாய்களில் ஓடி, ஒவ்வொரு துவாரத்திலும் மணிக்கு நாலு லிட்டர் அளவில் வேரடியில் சொட்டுகிறது. உரத்தையும் அதிலேயே கரைத்து விடலாம். பாத்திக்கு நடுவே களை முளைக்க ஈரமே இல்லை. தொல்லையும் உண்டு. உப்பு நீர் துவாரங்களை அடைக்கும். அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். குழாயைக் கடிக்கும் அணிலுக்கு மருந்தே கிடையாது!

சென்ற மாசியில் நான் போனபோது மஞ்சள் அறுவடை முடிந்து, கத்தரியும் தக்காளியும் நின்றன. சித்தப்பா மேட்டு நிலத்தைக் காட்டி, "மிச்சமான தண்ணியிலே இங்கேயும் வாழை வெக்கலாம், கண்ணு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்ததை வருஷம் முழுவதும் வாழைக்கு வார்த்தால், நிலத்தடி ஜலம் எப்படி உயரும்? குழாய் மாறியதே தவிர, இறைப்பு மாறவில்லையே! "சித்தப்பா, கோடையிலாவது மேட்டு நிலத்தை விட்டுவிடுங்கள்" என்றேன்.

"நான் விட்டா பக்கத்துத் தோட்டத்துலே இறைச்சுக்குவாங்க. பூமிக்கு அடியிலே வரப்பு இருக்குதா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் ஒன்றாய் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. எங்கள் ஊரிலோ கல்யாணப் பந்தியில்தான் அவர்கள் ஒன்றாய் உட்காருகிறார்கள்.

சித்தப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மேட்டில் விழும் மழை ஜலத்தைப் பாழடைந்த பழைய கிணற்றுக்குத் திருப்பி, வாயில் ஒரு வண்டல் குழியும் எடுத்துவிட்டு, அப்புறம் வாழையைப் பார்க்கலாம் என்றார். அன்று மாலையே வாய்க்காலுக்குக் கயிறு பிடித்தோம்.