விளிம்பில் ஒரு பெயர்

பஸ்ரா என்பது குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கிற ஊர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவ்வளவு சர்வசாதாரணமாக எங்கள் தெருவில் அந்தப் பேர் புழங்கியது. வேலூரைச் சுற்றிய பல ஊர்களைப் போல எங்கள் ஊரிலும் வீட்டுக்கொரு பட்டாளத்துக்காரர் உண்டு. "எங்க நைனா பஸ்ராவுக்குப் போனவருடா" என்பாள் ஆயா. அவள் கதையில் வருஷத்துக்கு வருஷம் சாகிற துருக்கியர்கள் கூடிக்கொண்டே போவார்கள்.

கதைக்குச் சாட்சி ஒரு மெடல். ஆயுத பூசைக்கு முதல் நாள் அரிவாள்மணை, கடப்பாரை, மரக்கால் எல்லாம் வெயிலில் காயும்போது, புளி போட்டுத் தேய்த்த மெடலும் கூடவே காயும். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள். உடம்பில் பொட்டுத்துணி கிடையாது. குதிரையின் காலடியில் ஒரு கேடயம், ஒரு மண்டையோடு. நாங்கள் பிள்ளைகள் அந்த அம்மணக் குதிரைக்காரனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்போம். ஆயா வெடுக்கென்று பிடுங்கி, ராஜா தலை மேலே தெரிகிறாற்போல் பலகையில் வைத்துச் சந்தனப் பொட்டு இடுவாள்.

தெருக்கோடியில், சாப்பர் படையில் சிப்பாயாக இருந்த சாப்பர்காரர் வீட்டில் இரண்டு மெடல்கள். அதில் ஒன்று அச்சாக எங்களுடையதுதான்; ஆனால் வெள்ளி. எங்களுடையது தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. வளையம் பற்றவைக்கக் கொடுத்தபோது ஆசாரி மாற்றிவிட்டான் என்று ஆயாவுக்குக் கடைசிவரை சந்தேகம். ஆசாரியின் பேரன் மேல்கூட அவளுக்குக் கோபம் இருந்தது.

ஒரு பூசையன்று பெரியப்பா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாத்தியார், ஆங்கிலம் படிப்பார். மெடலின் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்துகள். ஓர் எண், கூலி, ஆயாவின் அப்பா பேர், லேபர் கோர். எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டியவர், "நைனா பேரு இருக்குதும்மா, நம்பரும் போட்டிருக்கான்" என்று மட்டும் ஆயாவிடம் சொன்னார்.

முதல் உலகப் போருக்கான அந்த மெடலைச் சிப்பாய்களுக்கு வெள்ளியிலும், சுமை தூக்கவும் மண் வெட்டவும் போன உழைப்புப் படையினருக்கு வெண்கலத்திலும் பிரிட்டன் அடித்துக் கொடுத்தது என்று வளர்ந்தபிறகு படித்தேன். ஆசாரி பாவம்.

லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில், பஸ்ரா இருக்கும் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போன படைப்பிரிவுகளின் போர்க்கால நாட்குறிப்புகள் இருக்கின்றன. வெள்ளைக்கார அதிகாரிகள் அவற்றில் பேரோடு வருவார்கள். நம் ஆட்கள் 'இத்தனை பேர்' என்று வருவார்கள். போரில் செத்தவர்களுக்கும் அதே கதிதான். 1929இல் திறந்த பஸ்ரா நினைவுச் சின்னம் 40,000க்கு மேற்பட்டவர்களுக்கானது. அதில் இந்திய அதிகாரிகளின் பேரைப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை போட்டதோடு சரி. எங்கள் ஊர்ச் சாவடிக் கல்லும் 1914 முதல் 1919 வரை எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. மண் சுமந்த ஒருவரின் பேரை முழுசாக எழுதிவைக்க அந்த அரசாங்கத்துக்குக் கிடைத்த இடம், மெடலின் அந்த மெல்லிய விளிம்புதான் போலிருக்கிறது.

ஆயாவிடம் ஏன் முழுசாகப் படித்துக் காட்டவில்லை என்று பெரியப்பாவைக் கேட்டேன். "காட்டினா இன்னா? துறையும் ரயில் ரோடும் போட்டவன் இல்லாம சாப்பர்காரரு எப்பிடிடா சண்டைக்குப் போயிருப்பாரு?" என்று எரிந்து விழுந்தார். அதைத்தான் ஆயாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் படுகிறது.

அந்தப் பூசையன்று சாயங்காலமே திண்ணையில் எதிர்வீட்டுக்காரியிடம் ஆயா கதையைப் புதுப்பித்துவிட்டாள். ராஜா கப்பலில் பஸ்ராவுக்கே வந்து, நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, நைனா நெஞ்சில் தன் கையாலேயே மெடலைக் குத்தினாராம்.