பலம் மையில் இல்லை

சமீபத்தில் ஒரு விழா. என்னை மேடைக்கு அழைத்த தம்பி, "காமிக்ஸ்ல சண்டைப் பக்கங்களுக்கு மை போட்டுக் கொடுத்தவர்" என்று அறிமுகம் செய்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தவரைச் சொல்வதுபோல் இருந்தது. கீழே இறங்கியதும் ஒரு பையன் டேப்லட்டில் தான் வரைந்த இறுதிச் சண்டையைக் காட்டினான். இரண்டு பேர் கத்துகிறார்கள். சுற்றிலும் ஒளி, மின்னல், புகை. யார் எங்கே நிற்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. "பவர் தெரியுதா சார்?" என்றான். இருவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

ஜப்பானிய காமிக்ஸான மாங்காவில் சண்டை வரைய நினைக்கிறவன் முதலில் படிக்க வேண்டியது டிராகன் பாலில் நமெக் கிரகத்தில் நடக்கும் சண்டை. 1991-இல் வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் வாராவாரம் வந்தது. 2024 மார்ச்சில் அதை வரைந்த அகிரா தொரியாமா காலமானபோது பலரும் நாயகன் கோகுவின் பொன்முடியைத்தான் நினைவுகூர்ந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் பொன் ஏது? முன்பிருந்த கறுப்பு முடிக்கு பெத்தா, அதாவது மை நிரப்பு, போடுவதிலேயே உதவியாளரின் நேரம் போகிறது, வெறும் தாளாக விட்டால் வேலை மிச்சம் என்பது தன் கணக்கில் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சோம்பேறித்தனம் என்று சிரிக்கிறார்கள். அத்தனை வருடமும் பக்கத்திலேயே கனத்த கறுப்பாக இருந்தது அந்தத் தலை. அதை உருவி எடுத்ததும் கண் வேறெங்கும் போக மறுக்கிறது. மையை அள்ளிக் கொட்டிப் பலம் காட்ட எவனாலும் முடியும். எடுத்துக் காட்டத்தான் கை வேண்டும்.

கதையும் இதையே சொல்கிறது. நண்பன் கிரிலின் செத்த ஆத்திரத்தில் கோகு பொன்முடிக்காரனாக மாறியதும் மகன் கோஹானிடம் சொல்வது என்ன? புத்தி என் வசம் இருக்கும்போதே இங்கிருந்து போய்விடு என்கிறான். எதிரே ஃப்ரீசா. முன்பு நமெக் வீரன் நெயிலிடம் தன் பலம் 5,30,000 என்று பீற்றிக்கொண்டவன். இப்போது 50 சதவீதம், 100 சதவீதம் என்று சதவீதம் பேசுகிறான். முழு பலத்தையும் இறக்கியதும் அவன் உடம்பே அதைத் தாங்கவில்லை. வேகம் சரிகிறது. கோகு அதைக் கவனித்து, இனி உன்னோடு மோதி என்ன பயன் என்று விலகுகிறான். அவமானம் பொறுக்காத ஃப்ரீசா துரத்தும் வட்டுகளை எறிகிறான். கடைசியில் அவன் எறிந்த வட்டே அவனை இரண்டாக வெட்டுகிறது. வட்டு எங்கே சுற்றுகிறது என்பது வாசகனுக்கு ஒரு கட்டத்தில் தப்பினாலும் அந்த வெட்டு வெறும் ஏமாற்று வேலையாகிவிடும். நேமில், அதாவது மைக்கு முந்தைய பக்க வரைவில், தீராத சண்டை மையில் தீராது.

மையில் என் உயிரை வாங்கியது, நாலா பக்கமிருந்தும் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் செறிவுக் கோடு. குவியும் புள்ளியில் ஒரு குண்டூசி. அதில் ஸ்கேல் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு விளிம்பு கீழ்ப்பக்கம் வரவேண்டும், இல்லையென்றால் மை அடியில் ஊறிப் பரவும். மை தொட்டு வரையும் ஜி-பேனாவை வெளியே அழுத்தித் தொடங்கி, உள்ளே வரவர மணிக்கட்டை இலகுவாக்கி, முனை தாளை விட்டு எழும்போது கோடு தானாகக் காணாமல் போக வேண்டும். நிறுத்தினால் முனையில் பொட்டு விழும். தயங்கினால் நடுங்கும். புள்ளி தாளுக்கு வெளியே விழுந்தால் ஊசியை மேசையில் குத்த வேண்டும். கோடுகளைச் சம இடைவெளியில் போட்டால் சூரியன் மாதிரி இருக்குமே தவிர அடி விழாது. இங்கே நாலு நெருங்கி, அங்கே ஒன்று விலகி, நீளம் மாறி மாறி விழ வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கண்டிப்பானவர். முகத்தை வரையவே விட மாட்டார். தாள் தாளாகக் கோடுதான். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், "கை அழுத்துது, கண்ணு எங்க போச்சு?" என்பார், கிழித்துவிடுவார். மனசுக்குள் அவரைத் திட்டியபடியே அடுத்த தாளை எடுப்பேன். அழுத்தத் தெரிந்த கைக்கு எடுக்கத் தெரிய எத்தனை காலமாகிறது என்பதை அந்தத் தாள்கள்தான் எனக்குச் சொல்லித்தந்தன.

இப்போது செயலியில் ஒரு தட்டு தட்டினால் செறிவுக் கோடு வந்து விழுகிறது. வரட்டும், கருவியோடு எனக்குச் சண்டை இல்லை. சும்மா வருகிறது என்பதற்காக எல்லாக் கட்டத்திலும் போடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். தொரியாமா எதிரிகள் இருவரையும் வெறும் பாறைக்கும் வானத்துக்கும் நடுவில் சும்மா நிற்கவிடுவார். அந்த அமைதி இருப்பதால்தான் அடுத்த குத்து உறைக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் கத்துகிற பக்கத்தில் உச்சம் எங்கிருந்து வரும்?

போட்டிகளில் பரிசு வாங்குவதும் இந்த மின்னல் பக்கங்களே. நடுவர்கள் ஒரு காரியம் செய்யட்டும். பரிசு அறிவிக்கும் முன் அந்தப் பக்கத்தை மலிவுத் தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பார்க்கட்டும். சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணிவிட்டு, அப்புறம் என்னை மை போட்டவன் என்று அழைக்கட்டும்.