வானில் தோன்றும் வெண்கோடு

உயரப் பறக்கும் வானூர்தியின் பின்னே வெண்கோடு நீளக் கண்டால், "புகை, புகை!" எனச் சிறுவர் கூவுவர். அது புகையன்று, பனி. ஏறத்தாழப் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர், உறைநிலைக்குக் கீழே 40 பாகை செல்சியசையும் கடந்திருக்கும். எந்திரம் உமிழும் நீராவி அங்கே கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு நொடிப்பொழுதில் உறைகிறது. காற்று உலர்ந்திருந்தால் கோடு விரைவில் மறையும். ஈரம் மிகுந்திருந்தாலோ மணிக்கணக்கில் நின்று, பரந்து, மெல்லிய முகிற்போர்வையாகிவிடும்.

அப்போர்வை பகலில் கதிரவன் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பூமியினின்று எழும் வெப்பத்தையும் தடுத்து நிறுத்துகிறது. இரவிலோ முன்னைய பணி இல்லை. பின்னையது மட்டுமே எஞ்சும். கண்டு வியப்பார் எவருமிலாத நேரத்துக் கோடே தீங்கு மிக்கது என்பது விந்தைதான்.

ஒரு கிலோ வானூர்தி எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது. எடை எவ்வாறு கூடிற்று என மாணவர் வினவுவர். காற்றிலுள்ள உயிர்வளி வந்து சேர்ந்ததால் கூடிற்று. மனிதச் செயலால் விளையும் புவி வெப்பத்தில் வானூர்திகளின் பங்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு என 2021இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. அதில் மூன்றில் இரு பங்கு, வெண்முகில் முதலிய பிற காரணங்களால் விளைவது.

1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை, நாடுவிட்டு நாடு பறக்கும் வானூர்திகளின் கழிவை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்காமல், அனைத்துலகப் பொது வானூர்தி நிறுவனத்திடம் விட்டுவிட்டது. தெருக்குப்பை எவர் வீட்டுக் குப்பையும் அன்று என்பது போன்றதே இது. அந்நிறுவனம் ஈடுசெய் திட்டமொன்றை ஏற்றது 2016இல்தான்.

ஜப்பானிய வான்வெளியை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வோ நம்பிக்கை தருகிறது. வெண்கோடுகளால் விளையும் வெப்பத்தில் 80 விழுக்காட்டுக்கு 2.2 விழுக்காட்டு விமானங்களே காரணம் என அது கண்டது. 1.7 விழுக்காட்டு விமானங்களின் உயரத்தை 2000 அடி அளவில் மாற்றினாலே அவ்வெப்பம் ஏறத்தாழ 59 விழுக்காடு குறையும். கூடுதல் எரிபொருளோ மிகச் சொற்பம்.

எனினும் வானின் எந்த அடுக்கில் ஈரம் மிகும் என முன்கூட்டி உறுதியாகக் கணிப்பது எளிதன்று. கணிப்புத் தவறி வீணே விலகிப் பறந்தால், மிஞ்சுவது கூடுதல் கரியமிலவாயு. வெண்கோடு ஒரு நாளுக்குள் கலைந்துவிடும். கரியமிலவாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கும்.